கூத்து வாத்தியாருக்குக் கூலி யார் கொடுப்பது?

காட்டோரத்தில் ஒரு குட்டை. குட்டைக்கரையில் ஒரு பள்ளிக்கூடம். முயல்குட்டிகள், அணில்குட்டிகள், கௌதாரிக் குஞ்சுகள், ஒரு கீரிக்குட்டி, பொட்டு என்ற சருகுமான் குட்டி. அத்தனை பேருக்கும் ஒரே வாத்தியார். வேலாண்டி என்ற முள்ளம்பன்றி.

வேலாண்டி நல்லவர். ஆனால் கவலைப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இலை விழுந்தால் கவலை. விழாவிட்டாலும் கவலை. கவலை வந்ததும் முதுகு முள்ளெல்லாம் தானாகக் கலகலக்கும். அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளைகள், "சார் வர்றார்!" என்று வாயை மூடிக்கொள்வார்கள்.

அவர் நடத்துவதில் முக்கியமான பாடம் ஒன்றுதான். உயிர் பிழைக்கிற பாடம்.

"பருந்து வந்தால்?" என்று கேட்பார்.

"புதருக்குள் ஓடுவோம்!"

"பாம்பு வந்தால்?"

"பாறை மேல் ஏறுவோம்!"

"புனுகு வாசனை வந்தால்?"

"புனுகுப்பூனை வருகிறது! பொந்துக்குள் பதுங்குவோம்!"

ஒரே குரல். ஒரு பிசிறு இருக்காது. வேலாண்டிக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதி.

ஒரு நாள் காலையில் அதுவும் போயிற்று.

நிஜப் பருந்து வந்தது. குட்டைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. இறக்கையை மடக்கிக்கொண்டு இறங்கியது. பிள்ளைகள் பார்த்தார்கள். உடனே எழுந்து வரிசையாக நின்றார்கள். நெஞ்சை நிமிர்த்தினார்கள்.

"பருந்து வந்தால் புதருக்குள் ஓடுவோம்!" என்று உரக்க ஒப்பித்தார்கள்.

ஒருவர்கூட ஓடவில்லை.

வேலாண்டி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கவலைப்பட்டுக்கொண்டே நின்றிருப்பார். ஒரே பாய்ச்சலில் பிள்ளைகள் நடுவே போய் விழுந்து முள்ளைச் சிலிர்த்தார். பருந்தின் காலில் முள் ஏறியது. கீச்சென்று கத்திக்கொண்டு அது மேலே போய்விட்டது.

"ஏன் ஓடலை?" வேலாண்டிக்கு மூச்சு வாங்கியது.

"சரியாத்தானே சார் சொன்னோம்!" என்றாள் பொட்டு.

"சொன்னா போதுமா? ஓட வேண்டாமா?"

"ஓடினா வரிசை கலைஞ்சு போச்சுன்னு திட்டுவீங்களே சார்!"

வேலாண்டிக்கு அப்போதுதான் புரிந்தது. பாடம் பிள்ளைகளின் வாயில்தான் இருந்தது. காலுக்கு இறங்கவே இல்லை. பருந்து திரும்பி வரும். அப்போது அவர் பக்கத்தில் இல்லாவிட்டால்?

முள் கலகலத்தது. அன்று முழுவதும் அது நிற்கவில்லை.

அந்தக் காட்டில் ரஞ்சிதம் என்று ஒரு கரிச்சான் குருவி இருந்தாள். கறுப்பு உடம்பு. கத்தரிக்கோல் மாதிரி பிளந்த வால். வராத குரல் இல்லை. ஒருத்தியாக நின்று ஒரு கூத்து முழுவதையும் ஆடிக் காட்டுவாள். பருந்து மாதிரி கத்துவாள். மைனாக்கள் பயந்து, கவ்விய புழுவைப் போட்டுவிட்டு ஓடும். அந்தப் புழுவை எடுத்துக்கொள்வாள். அதுதான் பிழைப்பு.

வேலாண்டி அவளைத் தேடிப் போனார். விஷயத்தைச் சொன்னார்.

"நிஜப் பருந்து வந்தப்போ ஒப்பிச்சாங்களா?" ரஞ்சிதம் கிளையில் இருந்து விழாத குறையாகச் சிரித்தாள். "ஐயா, இது சிரிக்கிற விஷயம் இல்லை. தெரியுது. ஆனா சிரிப்பு வருதே!"

"நீங்க வந்து ஒரு தடவை பிள்ளைங்களை ஆட வெச்சுப் பாருங்கம்மா."

வந்தாள். பிள்ளைகள் வழக்கம்போல வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"எந்திரிங்க! உட்கார்றதுக்கு நான் எதுக்கு?" என்று அதட்டினாள். "அணிலு, நீ இப்போ பருந்து. வாலை விரி! இதென்ன விசிறி மாதிரி? பருந்துடா நீ! பசியோட இருக்கே! முயலு, பயம் எங்கே இருக்கு?"

"வயித்துல!" என்றது முயல்குட்டி.

"அங்கே வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? காலுக்குத் தள்ளு!"

தள்ளினார்கள். ஓடினார்கள், விழுந்தார்கள், உருண்டார்கள். அணில் பருந்தாகப் பாய்ந்தது. கௌதாரிக் குஞ்சுகள் காய்ந்த இலையாகக் கிடந்தார்கள். பிறகு ஆளை மாற்றி ஆடினார்கள். பொட்டு பருந்தாகி, மண்ணில் கால் பரப்பி, "உங்களை விடமாட்டேன்!" என்று கத்தினாள். ஒரே கும்மாளம்.

நடுவில் ரஞ்சிதம் சத்தமில்லாமல் மரத்துக்குப் பின்னால் பறந்தாள். அங்கிருந்து நிஜப் பருந்தின் குரலில் ஒரு கத்து கத்தினாள்.

கண் மூடித் திறப்பதற்குள் கரை காலி. ஒரு குட்டி இல்லை. வேலாண்டியும் இல்லை. அவர் புதருக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நடுங்கினார்.

"வாத்தியாரும் பாஸ்!" என்றாள் ரஞ்சிதம்.

வேலாண்டி வெளியே வந்தார். அவருக்கு அழுகை வந்தது. "தினமும் வாங்கம்மா. பாம்பு, புனுகுப்பூனை எல்லாத்தையும் ஆட வைங்க. இவங்க பிழைச்சுக்குவாங்க."

"வர்றேன். ஆனா என் கூட்டுல குஞ்சுங்க வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கு. பாடம் நடத்திக்கிட்டே இரை தேட முடியாது. மைனாவை ஏமாத்துற பிழைப்பும் இனி ஆகாது. பிள்ளைங்களுக்கு நிஜமாச் சொல்லித் தர்ற குரலை வெச்சுப் பொய் சொன்னா, அப்புறம் அதுங்க என்னை எப்படி நம்பும்? தினம் வயிறு நிறையப் பூச்சி வேணும். அதுதான் கூலி."

நியாயமான பேச்சு. வேலாண்டி பெற்றோர் கூட்டம் போட்டார்.

கீரி நாச்சிமுத்து எடுத்த எடுப்பிலேயே கேட்டான். "ஆட்டத்துக்கு வாத்தியாரா? வீட்டுல ஆடுற ஆட்டம் போதாதா? என் மகன் நேத்து என் தலை மேலேயே ஏறி ஆடினான்!"

"எங்க குஞ்சுக்கே பூச்சி பத்தலை!" என்றது கௌதாரி.

முயல் பவளம்மா மூக்கைச் சுளித்தாள். "நாங்க புல்லு தின்கிறவங்க. பூச்சிக்கு எங்கே போக? பார்த்தாலே குமட்டுது!"

"பிள்ளைங்க மத்தியானச் சாப்பாட்டுக்குக் கிழங்கு சேர்த்து வெச்சிருக்கோமே, அதுல குடுங்க!" என்று ஒரு குரல்.

"அந்தம்மா கிழங்கு தின்னமாட்டாங்க," என்றார் வேலாண்டி. "தின்னாலும், பிள்ளைங்க சாப்பாட்டுல கை வெச்சுக் கூலி குடுக்க முடியுமா?"

"அப்போ நீங்களே ஆடிக் காட்டுங்க வாத்தியாரே!"

எல்லோரும் சிரித்தார்கள். கலைந்து போனார்கள்.

மறுநாள் வேலாண்டி நிஜமாகவே ஆடிப் பார்த்தார். பாவம், வேறு என்ன செய்வார்? ஒரு சுற்று சுற்றினார். முள் நாலா பக்கமும் உதிர்ந்தது. ஒரு குஞ்சு மிதித்துவிட்டு அழுதது. அத்தோடு நிறுத்திவிட்டார்.

வானத்தைப் பார்ப்பதும், கலகலப்பதுமாகப் பொழுது போனது. பருந்து தூரத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ஒரு வாசனை வந்தது. கோயில் கருவறையில் வருமே, அந்த மாதிரி ஒரு மணம். மணம் முதலில் வந்தது. பிறகு ஆள் வந்தான். புனுகுப்பூனை மணவாளன்.

வேலாண்டி முள்ளைச் சிலிர்த்தார்.

"ஐயோ, ஐயா! நான் இப்போ பழம்தான்," என்று மணவாளன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "மாமிசத்தை விட்டு நாளாச்சு. பிள்ளைங்க படிப்புக்குக் கஷ்டப்படுறீங்கன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கலை. என் இடத்துல பெரிய கறையான் புத்து இருக்கு. தினம் காலையில கொஞ்சம் உடைச்சுப் போடறேன். உங்க கூத்து வாத்தியாரம்மா வயிறு நிறையச் சாப்பிடட்டும்."

"பதிலுக்கு?" என்றார் வேலாண்டி. அந்த அளவுக்கு அவருக்குப் புத்தி இருந்தது.

"பதிலா? சே! பிள்ளைங்க காரியத்துல பதில் கேக்கலாமா?"

பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினார். இலவசம் என்றதும் ஒருவரும் மறுக்கவில்லை. "பழம் தின்கிறவர்னு அவரே சொல்றாரே!" என்றாள் பவளம்மா. வேலாண்டிக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் மேலே பருந்து இருந்தது. சரி என்றார்.

ரஞ்சிதம் வேலைக்கு வந்தாள். வகுப்பு களை கட்டியது. பருந்துப் பாடம் முடிந்தது. பாம்புப் பாடம் முடிந்தது. அடுத்தது புனுகுப்பூனைப் பாடம்.

அன்றைக்கு மணவாளன் வந்தான்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. கூலி குடுக்கிறவனையே பூதமாக் காட்டினா காடு என்ன பேசும்? அந்த ஒரு பாடத்தை மட்டும் எடுத்துடுங்களேன்."

வேலாண்டி யோசித்தார். முடியாது என்றால் கறையான் நின்றுபோகும். கறையான் நின்றால் ரஞ்சிதம் போய்விடுவாள். ஒரு பாடம்தானே? எடுத்துவிட்டார்.

இன்னொரு நாள் வந்தான். "அந்த இடம் காலியா இருக்கே. ஆண்டு விழாவுல நன்றி சொல்ற மாதிரி ஒரு சின்ன ஆட்டம் வெச்சா என்ன? புனுகு வாசனை வந்ததும் பிள்ளைங்க ஒவ்வொண்ணா ஒரு கும்பிடு போட்டுட்டு அந்தப் பக்கமா நடந்து வரட்டும்."

வேலாண்டி அதற்கும் தலையாட்டினார்.

பிறகு ஒத்திகை பார்க்க வந்தான். பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா கண்ணைத் திறந்துக்கிட்டு வர்றாங்களே, பக்தியே தெரியலையே! கண்ணை மூடிக்கிட்டு வரட்டும்," என்றான்.

அவன் போன பிறகு வேலாண்டி ரஞ்சிதத்திடம் மெல்லக் கேட்டார். "இதைக் கொஞ்சம் மாத்த முடியாதாம்மா?"

ரஞ்சிதத்துக்கு முகம் கடுகடுத்தது. "பள்ளிக்கூடம் உங்களோடது. கூலி அவரோடது. நான் யார் பேச்சைக் கேக்கணும்? அதை முதல்ல சொல்லுங்க. இந்தப் பாடத்தைச் சொல்லித் தர எனக்கே பிடிக்கலை. நான் சொல்லித் தர்றது மனப்பாடம் இல்லை, ஐயா. ஒரு தடவை உடம்புல ஏறிட்டா லேசுல இறங்காது!"

வேலாண்டி வானத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஆண்டு விழா முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். பயந்தவர்களுக்கு எப்போதும் ஓர் அப்புறம் இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு நிழலில் கிடந்தார்கள். பொட்டு மட்டும் தண்ணீர் குடிக்கக் குட்டைக்குப் போனாள்.

காற்று திரும்பியது. நாணல் பக்கம் இருந்து அந்த மணம் வந்தது.

பொட்டு தண்ணீரில் இருந்து தலையைத் தூக்கினாள். கண்ணை மூடினாள். முன்னங்காலை மடக்கி ஒரு கும்பிடு போட்டாள். பிறகு ஆட்டத்தில் சொல்லிக் கொடுத்தபடியே, தாளம் தப்பாமல், நாணலைப் பார்த்து நடந்தாள்.

வேலாண்டி தற்செயலாகத் திரும்பினார். நாணலுக்குள் இரண்டு கண். அதற்குக் கீழே திறந்த வாய். அந்த வாயை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு போகிற குட்டி.

"பொட்டு!"

அவள் நிற்கவில்லை. ஆட்டத்தில் நடுவில் நிற்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

முள்ளம்பன்றி ஓடி யாராவது பார்த்திருக்கிறார்களா? வேலாண்டி ஓடினார். போன வேகத்தில் திரும்பிப் பின்பக்கமாகவே நாணலுக்குள் இடித்தார். முள் போய் எங்கோ குத்தியது. ஒரு அலறல். மணவாளன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"ஒத்திகை, ஐயா! ஒத்திகைதான் பார்த்தேன்!"

"போடா வெளியே!" வேலாண்டி அப்படிக் கத்தியதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

மணவாளன் முகம் மாறியது. மணம் மட்டும் மாறவில்லை. "சரி, போறேன். நாளையில இருந்து கறையான் கிடையாது. உன் கரிச்சான் பட்டினி கிடக்கட்டும். ஆனா ஒண்ணு, வாத்தியாரே. உன் பிள்ளைங்க எல்லாருக்கும் இந்த ஆட்டம் தெரியும். நல்லா மனசுல பதிஞ்சு போச்சு!"

மூக்கில் முள்ளோடு போய்விட்டான்.

பொட்டு கண்ணைத் திறந்தாள். "சரியா ஆடினேனா சார்?"

வேலாண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவன் சொன்னது நிஜம். இனி எந்தப் புதரில் இருந்து அந்த மணம் வந்தாலும், எந்தக் குட்டியும் கண்ணை மூடிக்கொண்டு நடந்து போகும். பிள்ளைகளை எத்தனை நாள் சுற்றிச் சுற்றிக் காப்பது? வாயால் சொன்னால் இறங்காது. ஆடி ஏற்றியதை ஆடித்தான் இறக்க வேண்டும். ஆட்டுவிக்க ரஞ்சிதம் வேண்டும். ரஞ்சிதத்துக்குக் கூலி இல்லை.

மறுபடி கூட்டம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நடந்ததை வேலாண்டி ஒன்று விடாமல் சொன்னார். முள் கலகலத்துக்கொண்டே இருந்தது.

பொட்டுவின் தாய் மகளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்க எப்படி ஒத்துக்கிட்டீங்க?" நாச்சிமுத்து எகிறினான். "உங்களை நம்பித்தானே விட்டோம்!"

"என் தப்புதான்," என்றார் வேலாண்டி. "ஒரு பாடத்தை எடுத்துடச் சொன்னப்பவே அவனை விரட்டியிருக்கணும். பயந்துட்டேன்."

"விரட்டியிருந்தா கூலி யார் குடுத்திருப்பா? நீயா?" கிளையில் இருந்து ரஞ்சிதம் கேட்டாள். நாச்சிமுத்துவைத்தான்.

நாச்சிமுத்து குனிந்து தரையைக் கீறத் தொடங்கினான்.

"எல்லாரும் அவரையே பிடிச்சுத் தின்னாதீங்க. அன்னைக்கு இலவசம்னதும் யாரும் வாயைத் திறக்கலை. நானும்தான் வாங்கித் தின்னேன். இப்போ ஆக வேண்டியதைப் பேசுங்க."

"ஆக வேண்டியது என்னம்மா?" பவளம்மா கையைப் பிசைந்தாள். "எங்களுக்குப் பூச்சி பிடிக்கத் தெரியாதே! தெரிஞ்சா இன்னைக்கே மூட்டையா கொண்டாந்து போடமாட்டோமா?"

"உங்களை யார் பிடிக்கச் சொன்னா? எங்க ஆத்தா எருமை முதுகுல உட்கார்ந்தே எங்களை வளர்த்தா. எருமை எங்களுக்குப் பூச்சி பிடிச்சுக் குடுத்துச்சா? அது பாட்டுக்கு மேஞ்சுச்சு. கால் பட்டுப் புல்லுக்குள்ள இருந்து பூச்சி கிளம்பும். கிளம்பினதை ஆத்தா கவ்விக்குவா. அவ்வளவுதான்!"

பவளம்மா அவளை உற்றுப் பார்த்தாள். "மேயணும். அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எங்கேயோ போய் மேயாம, பள்ளிக்கூடத்தைச் சுத்தி மேயணும். நான் பிள்ளைங்களை ஆட வெச்சுக்கிட்டே இருப்பேன். பூச்சி பறந்தா கவ்விக்கிட்டு, கூட்டுக்கு ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துடுவேன்."

"அங்கே புல்லு கொஞ்சம் முத்தலாச்சே," என்றாள் பவளம்மா.

"அதான் நீ குடுக்கிற கூலி!"

பவளம்மா கொஞ்ச நேரம் மென்றாள். வாயில் ஒன்றும் இல்லாமலே மென்றாள். "சரி. முத்தலையே தின்கிறேன். ஆனா நான் ஒருத்தி போதாது. தினமும் என்னாலயும் முடியாது."

"நாங்களும் வர்றோம்," என்றாள் பொட்டுவின் தாய்.

"நாங்க சருகைக் கிளறி விடறோம். கிளம்புறதுல பாதி எங்களுக்கு," என்றது கௌதாரி.

"பாதியா? கால்வாசி!" என்றாள் ரஞ்சிதம். பேரம் படிந்தது.

நாச்சிமுத்து தரையைக் கீறிக்கொண்டிருந்தான். "நான் என்ன பண்றது? நான் மேயமாட்டேன்."

"அந்த மணவாளன் போற வழியில மரத்துல உடம்பைத் தேய்ப்பான். மணம் ஒட்டியிருக்கும். அந்தப் பட்டையை உரிச்சுக்கிட்டு வா. எந்தக் குரலும் எனக்கு வரும். வாசனை வராது. அது இல்லாம பாடம் நடத்த முடியாது."

நாச்சிமுத்து தலை நிமிர்ந்து போனான். பட்டையோடு வந்தான்.

மறுநாளே தொடங்கியது. பள்ளிக்கூடத்தைச் சுற்றி முயல்களும் சருகுமான்களும் மேய்ந்தார்கள். கால் வைக்கிற இடத்தில் எல்லாம் வெட்டுக்கிளி பறந்தது. ரஞ்சிதம் நடுவில் நின்று அதட்டுவாள், விருட்டென்று பறந்து கவ்வுவாள், வாயில் பூச்சியோடு மறுபடி அதட்டுவாள். அது என்ன பேச்சு என்று யாருக்கும் புரியாது. பிள்ளைகள் ஆடினார்கள்.

ஆனால் புனுகுப்பாடம் மட்டும் லேசில் வரவில்லை. பட்டையை முகர வைத்ததும் பிள்ளைகள் கண்ணை மூடினார்கள். நடக்கத் தொடங்கினார்கள். ரஞ்சிதம் குறுக்கே விழுந்து கத்தினாள். மறுபடி முகர வைத்தாள். மறுபடி கண்ணை மூடினார்கள். வேலாண்டி அதைப் பார்க்கச் சகிக்காமல் மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

சில நாளில் பாதிப் பேர் ஓடினார்கள். இன்னும் கொஞ்ச நாளில் எல்லோரும் ஓடினார்கள். ஆனாலும் பொட்டு ஒரு கணம் நிற்பாள். கண் மூடப் போகும். அப்புறம்தான் கால் கிளம்பும்.

அந்த ஒரு கணம் வேலாண்டியைத் தூங்கவிடவில்லை. பட்டைக்கு வாய் கிடையாது. நிஜத்தில் ஒரு கணம் போதாதா?

ஒரு காலையில் கிழங்கு எடுக்கக் குட்டையின் அந்தக் கரைக்குப் போயிருந்தார். வாயில் கிழங்கோடு நிமிர்ந்தார். மணம் வந்தது.

பட்டையின் மணம் இல்லை. ஆள் மணம்.

கிழங்கு கீழே விழுந்தது. நடுவில் தண்ணீர். சுற்றிக்கொண்டு ஓடினாலும் போய்ச் சேர முடியாது. எதிர்க்கரையில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் புதர் விலகியது. மணவாளன் வெளியே வந்தான். மூக்கில் வடு. முகத்தில் சிரிப்பு.

"வாங்க கண்ணுங்களா," என்றான். "கும்பிடுங்க பார்ப்போம்."

வேலாண்டி கத்தப் பார்த்தார். எதிர்க்காற்றில் குரல் எதிர்க்கரைக்குப் போய்ச் சேரவில்லை. எந்த ஆட்டம் முந்தும்? பழையதா, புதியதா? பொட்டு நிற்கிறாள். கண் இமை இறங்குகிறது. முன்னங்கால் மடங்குகிறது...

மடங்கிய கால் தரையை உதைத்தது.

பொட்டு பறந்தாள். அவளோடு கரையே பறந்தது. முயல்கள் பொந்தில், அணில்கள் மரத்தில், கௌதாரிகள் சருகில். கீரிக்குட்டி மட்டும் போகிற போக்கில் பின்னங்காலால் மண்ணை வாரி மணவாளன் கண்ணில் அடித்துவிட்டுப் போனது. அது பாடத்தில் இல்லாத ஆட்டம். சொந்தமாகச் சேர்த்துக்கொண்டது.

மணவாளன் கண்ணைக் கசக்கினான். திறந்து பார்த்தபோது குட்டி ஒன்றும் இல்லை. சுற்றிலும் பெரியவர்கள் மேய்வதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து வாலைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"நான்... நான் ஒரு நல்ல காரியமா வந்தேன்," என்று மணவாளன் பின்வாங்கினான். "கறையான் இனிமே இரண்டு பங்கா தர்றேன்! பள்ளிக்கூடத்துக்கு நிழல் பந்தல்கூடப் போட்டுத் தர்றேன்!"

பவளம்மா வாயில் இருந்த முத்தல் புல்லை முழுசாக மென்று விழுங்கினாள். அவசரப்படவில்லை.

"எங்க வாத்தியாரம்மாவுக்கு நாங்களே போடறோம்," என்றாள். "நீங்க கிளம்புங்க."

கிளம்பினான். மணம் கொஞ்ச நேரம் கழித்துப் போயிற்று.

வேலாண்டி குட்டையைச் சுற்றி ஓடி வந்தார். பொந்து பொந்தாக, புதர் புதராகக் குனிந்து பார்த்தார். இருக்கிறார்கள். எல்லோரும் இருக்கிறார்கள். பார்த்த புதரையே திரும்பவும் பார்த்தார்.

"ஐயா, தள்ளி நில்லுங்க," என்றாள் ரஞ்சிதம். "வகுப்பு இன்னும் முடியலை."

பிள்ளைகளின் பாடத்துக்கு ஆகும் கூலியை எல்லா வீடும் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும். மொத்தத்தையும் ஒருவனே கொடுத்தால், பாடமும் அவன் சொல்கிறபடிதான் நடக்கும்.